கிளவுஸ் மேல எழுதுன டேட்டா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உயிரியல் ஆராய்ச்சி லேப்களை ஏஐ எப்படி மாத்தப்போகுதுன்னு உங்க பேப்பர்ல வந்த பெரிய கட்டுரையை ரெண்டு தடவை படிச்சேன். தப்புன்னு சொல்ல அதுல ஒண்ணும் இல்ல. மருந்து கண்டுபிடிக்கற வேலை வேகமாகும், ரோபோ ராத்திரியும் வேலை பார்க்கும், மனுஷன் கண்ணுக்குத் தப்புறது மெஷின் கண்ணுக்குத் தப்பாது, எல்லாம் சரிதான். ஆனா 19 வருஷமா லேப் பெஞ்ச்ல நின்னு பழகுன ஆளுங்கறதால எனக்கு ஒண்ணு உறுத்துது. கட்டுரை முழுக்க டேட்டா டேட்டான்னு வருதே, அந்த டேட்டாவை யாரு எப்ப எதுல எழுதுறாங்கன்னு ஒரு வரி கூட இல்ல, என்னமோ குழாயைத் திறந்தா தண்ணி வர்ற மாதிரி லேப்ல இருந்து டேட்டா தானா கொட்டுதுன்னு நினைச்சுக்கிட்டு எழுதுன மாதிரி இருந்துச்சு.

அது எங்க பொறக்குதுன்னு நான் சொல்றேன் சார். பாதி டேட்டா கிளவுஸ் மேல பொறக்குது. ஒரு கையில துளித்துளியா அளந்து ஊத்துற பிப்பெட், இன்னொரு கையில டியூபு, ரெண்டு கையும் ஹூடுன்னு சொல்ற கண்ணாடித் தடுப்புப் பெட்டிக்குள்ள, நோட்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம். இப்ப ஒரு நம்பரைக் குறிக்கணும்னா எதுல குறிப்பீங்க? இடது கை கிளவுஸ்ல மார்க்கரால கிறுக்கிக்குவோம், வேலை முடிஞ்சதும் நோட்டுல ஏத்திக்கலாம்னு. அதுக்குள்ள சென்ட்ரிஃபியூஜ் நின்னு பீப் அடிக்கும், யாராவது வந்து ஒரு கெமிக்கல் எங்க இருக்குன்னு கேப்பாங்க, பழக்க தோஷத்துல கிளவுஸைக் கழட்டி பயோ வேஸ்ட் தொட்டியில போட்டுட்டு அவங்க கூட போயிடுவோம். அவ்ளோதான். நான் ஒரு தடவை அந்தத் தொட்டி முன்னாடி நின்னுக்கிட்டு அது 4.2ஆ 4.7ஆன்னு ரொம்ப நேரம் யோசிச்சிட்டு கடைசியில 4.5ன்னு எழுதிட்டேன். வேலைக்கு வந்த புதுசு, சொல்ல பயம். அந்த 4.5 இன்னிக்கும் ஏதோ ஒரு ஃபைல்ல உண்மை மாதிரியே உட்கார்ந்துக்கிட்டு இருக்கு.

கிளவுஸ்ல பொறக்காததெல்லாம் மெஷின்ல பொறக்குது, அது இன்னொரு கூத்து. ஒவ்வொரு கம்பெனி மெஷினும் தனித்தனி ஃபார்மேட்ல ஃபைலை சேமிக்கும், அந்த ஃபைலைத் திறக்க அவங்க சாஃப்ட்வேரே வேணும். சாஃப்ட்வேர் ஓடுற கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு, அப்டேட் போட்டா மெஷினோட டிரைவர் வேலை செய்யாதுன்னு நெட்வொர்க்ல சேர்க்காம ஒதுக்கி வச்சிருப்பாங்க, டேட்டாவை வெளிய எடுக்கணும்னா பென்டிரைவ்தான். எங்க லேப்ல அப்படி ஒரு கம்ப்யூட்டர்ல உள்ள இருக்கற சின்ன பேட்டரி தீர்ந்துபோய், ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்குப் போயிடும். அதை யாரும் கவனிக்கல. பின்னாடி எடுத்துப் பார்த்தா எங்க மெஷின், நாங்க அதை வாங்கறதுக்கு 6 வருஷம் முன்னாடியே ரிசல்ட் கொடுத்திருக்கு! மனுஷனுக்குச் சிரிப்பு வரும், சரி பேட்டரி போச்சுன்னு புரிஞ்சுக்குவான். இதையே ஒரு ஏஐ மாடலுக்கு ஊட்டினா அது சிரிக்காது, அதுதான் உண்மைன்னு எடுத்துக்கும்.

புரோட்டீன் வடிவத்தைக் கணிக்கற, கூகுள் டீப்மைண்ட் செஞ்ச ஆல்ஃபாஃபோல்டுங்கற ஏஐயை உங்க கட்டுரையில ரொம்பப் புகழ்ந்திருந்தாங்க. எனக்கும் அது மேல பெரிய மரியாதைதான். புரோட்டீன் எப்படி மடிஞ்சு என்ன வடிவத்துக்கு வருதுன்னு கண்டுபிடிக்க ஒருத்தரோட பிஎச்டி முழுசும் போயிடும், சில சமயம் அப்பவும் வராது, அதை 2020ல புரோட்டீன் வடிவத்தைக் கணிக்கறதுக்குன்னே நடக்கற போட்டியில அது போட்டுக் காட்டுனப்ப எங்க லேப்ல கொஞ்ச நேரம் யாரும் வேலையே பார்க்கல. 2022ல 20 கோடிக்கு மேல புரோட்டீன் வடிவங்களைப் பொதுவுல போட்டாங்க, 2024ல அதைச் செஞ்ச டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர், கூடவே புதுப் புரோட்டீன்களை வடிவமைச்ச டேவிட் பேக்கர்னு மூணு பேருக்கும் வேதியியல் நோபல் வந்துச்சு. ஆனா இந்தக் கதையை எல்லாரும் 2020ல ஆரம்பிக்கறாங்க சார், அது ஆரம்பிச்சது 1971ல. அந்த வருஷம்தான் புரோட்டீன் டேட்டா பேங்க்னு ஒண்ணு தொடங்குனாங்க. அப்ப அதுல இருந்தது எவ்ளோ தெரியுமா, வெறும் 7 வடிவம். ஏழே ஏழு! பஞ்ச் கார்டு காலம் அது, ஒரு வரிக்கு 80 எழுத்துன்னு அப்ப வச்ச கணக்கைப் பல வருஷம் கட்டிக்காத்தாங்க. எந்த நாட்டு லேப்பா இருந்தாலும் ஒரே ஃபார்மேட்ல தான் கொடுக்கணும், எந்த அணு எந்த இடத்துல, எப்படி அளந்தீங்க, எவ்ளோ துல்லியம், எல்லாத்தையும் எழுதணும். போகப்போக ஜர்னல்காரங்களும் டேட்டாவை அங்க போடாம கட்டுரையைக் கொண்டுவராதீங்கன்னு சொல்லிட்டாங்க. இப்படி 50 வருஷம் ஒவ்வொண்ணா சேர்ந்த ஏறக்குறைய 1,70,000 வடிவங்களை வச்சுத்தான் ஆல்ஃபாஃபோல்டு பாடம் படிச்சுது. 1994ல இருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கற அந்தப் போட்டியும், விடையை மறைச்சு வச்சுட்டு எல்லாரையும் கணிக்கச் சொல்ற மாதிரி நியாயமா வச்ச பரீட்சை. கணக்கு ஒழுங்கா எழுதி வச்சவங்களும் பரீட்சையை ஒழுங்கா நடத்துனவங்களும் இல்லாம அந்த மாடலை யாரு செஞ்சிருக்க முடியும்? அதுல பாதிப்பேர் வேலையை விட்டு ஓய்வே பெற்றிருப்பாங்க.

சரி, கணக்கு ஒழுங்கா இல்லைன்னா என்ன ஆகும்? எக்செல் கதையைச் சொல்றேன், சிரிக்காம படிங்க. மனுஷ ஜீன்கள்ல மார்ச்1னு ஒண்ணு இருந்துச்சு, செப்ட்2னு ஒண்ணு இருந்துச்சு. இதை எக்செல்ல அடிச்சா அது ஓ தேதியான்னு நினைச்சுக்கிட்டு மார்ச் மாசம் 1ம் தேதி, செப்டம்பர் 2ம் தேதின்னு மாத்தி வச்சிரும், நம்ம கிட்ட கேக்கவும் செய்யாது. இந்தப் பிரச்சனையை 2004லயே எழுதிட்டாங்க, யாரு கேட்டா. 2016ல சிலர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தப்ப, எக்செல்ல ஜீன் பட்டியல் இணைச்சிருந்த கட்டுரைகள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒண்ணுல இந்தத் தப்பு இருந்துச்சு. அஞ்சுல ஒண்ணு! சக விஞ்ஞானிங்க சரிபார்த்து வெளியான கட்டுரைங்க அது. கடைசியில என்ன பண்ணாங்க தெரியுமா, 2020ல ஜீன்களோட பேரையே மாத்திட்டாங்க, மார்ச்1 இப்ப மார்ச்எஃப்1, செப்ட்2 இப்ப செப்டின்2. 2023லதான் இந்தத் தானா மாத்தறதை நிறுத்தி வச்சுக்க மைக்ரோசாஃப்ட் ஒரு வழி கொடுத்துச்சு. கோடிக்கணக்கான வருஷமா உடம்புக்குள்ள இருக்கற ஒரு ஜீன் ஒரு சாஃப்ட்வேருக்காகப் பேரை மாத்திக்கிச்சு, இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

அதே 2020 அக்டோபர்ல இங்கிலாந்துல ஏறக்குறைய 16,000 கொரோனா பாசிட்டிவ் ரிசல்ட் கணக்குலயே வராம போச்சு. லேப் வேலையைச் சரியாத்தான் செஞ்சிருந்துச்சு. ரிசல்ட்டை வாங்கிச் சேர்க்கற இடத்துல பழைய எக்செல் ஃபார்மேட், அதுல 65,536 வரிக்கு மேல ஏறாது, மிச்சமெல்லாம் சத்தமில்லாம உதிர்ந்துடுச்சு. அந்தப் பதினாறாயிரம் பேரோட நெருங்கிப் பழகுனவங்களைத் தேட வேண்டிய நாளெல்லாம் வீணாப் போச்சு.

இதைவிட மோசமான ஒண்ணும் நடந்திருக்கு. ஜீன் டேட்டாவை வச்சு ஒரு கேன்சர் நோயாளிக்கு எந்த கீமோ மருந்து ஒத்துவரும்னு கணிச்சுடலாம்னு அமெரிக்காவுல ஒரு குழு சொல்லுச்சு, அதை நம்பி நிஜ நோயாளிகளை வச்சு டிரையலும் ஆரம்பிச்சுட்டாங்க. கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ்னு ரெண்டு புள்ளியியல்காரங்க அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கறாங்க, வரவே இல்ல. கிண்டக் கிண்ட ஒவ்வொண்ணா வெளிய வருது, அதுல ஒண்ணு என்னன்னா பட்டியல்ல ஜீன் பேரெல்லாம் ஒரு வரி கீழ நகர்ந்திருக்கு. ஒரே ஒரு வரி. அதாவது ராமன் மார்க் சோமனுக்கு, சோமன் மார்க் அடுத்தவனுக்கு. 2009ல அவங்க இதை விலாவாரியா எழுதி வெளியிட்டாங்க, அடுத்த வருஷம் டிரையல் நின்னுச்சு. அங்க ஏஐ எல்லாம் வேணாம், சாதாரண கணக்குலயே இந்த கதி, உள்ள என்ன நடக்குதுன்னு செஞ்சவங்களுக்கே முழுசா விளங்காத பெரிய மாடலுக்குள்ள ஒரு வரி நகர்ந்தா யாரு போய் கண்டுபிடிக்கறது?

இதுக்கு உடனே ஒரு பதில் வரும், எனக்குத் தெரியும். மேடம், அந்தக் குப்பையை எல்லாம் ஏஐயே சுத்தம் பண்ணிடும்னு. எங்களுக்கு டெமோ காட்ட வந்த ஒரு தம்பியும் அதையேதான் சொன்னார். கொஞ்சம் உண்மை இருக்கு. பழைய பிடிஎஃப்ல இருக்கற டேபிளைப் பிரிச்சு எடுக்கறது, ஒரே ஆன்டிபாடியை நாலு பேர் நாலு விதமா எழுதி வச்சதை ஒண்ணா சேர்க்கறது, இதெல்லாம் இப்ப நல்லாவே செய்யுது, நானே பயன்படுத்தறேன். ஆனா எழுதவே எழுதாத ஒண்ணை அது எங்க போய் படிக்கும்? செல் வளர்க்கற மீடியாங்கற சத்துத் தண்ணியில ஊத்துற சீரம் எந்த லாட், அதாவது எந்தத் தடவை தயாரிச்சது, அந்த செல் எத்தனையாவது பாசேஜ், அதாவது எத்தனை தடவை பிரிச்சு மாத்தி வளர்த்தது, இன்குபேட்டர் கதவு அன்னிக்கு எத்தனை தடவை திறந்துச்சு, பிப்பெட் கடைசியா எப்ப காலிபரேட் பண்ணாங்க, வேலையைச் செஞ்சது பழகுன கையா புதுக் கையா. சீரம் லாட் மாறினா செல்லு வளர்ற வேகமே மாறும்னு எங்களுக்கெல்லாம் தெரியும், புது லாட் வந்தா பழசோட ஒப்பிட்டு டெஸ்ட் பண்ணாம தொடவே மாட்டோம், ஆனா அந்த லாட் நம்பரு எத்தனை நோட்டுல இருக்கும்ங்கறீங்க? 2016ல நேச்சர் பத்திரிகை 1,576 ஆராய்ச்சியாளர்கள் கிட்ட கேட்டப்ப 70 சதவீதத்துக்கு மேல அடுத்தவங்க செஞ்ச சோதனையைத் திரும்பச் செஞ்சு பார்த்து வரலைன்னாங்க, பாதிக்கு மேல தாங்க செஞ்சதே தங்களுக்குத் திரும்ப வரலைன்னாங்க. இவங்கெல்லாம் ஏமாத்துக்காரங்க இல்ல. போன தடவை எப்படி செஞ்சோம்ங்கறதுல ஏதோ ஒண்ணை எழுதாம விட்டவங்க, என்னை மாதிரி.

செல்லு எந்த செல்லுங்கறதே கூட சில சமயம் தப்பு. 1951ல ஹென்ரியேட்டா லாக்ஸ்ங்கற அம்மாவோட கட்டியில இருந்து எடுத்த ஹீலா செல் இருக்கே, அது படு வேகமா வளரும், ஒரு துளி தெறிச்சு பக்கத்து பிளாஸ்க்ல விழுந்தா போதும், கொஞ்ச நாள்ல அங்க இருந்ததை ஓரங்கட்டிட்டு இதுவே நிறைஞ்சுடும், லேபிள்ல மட்டும் பழைய பேரு. இப்படி ஆள் மாறிப்போன செல் வகைன்னு 500க்கு மேல பட்டியல் போட்டு வச்சிருக்காங்க. டிஎன்ஏ கைரேகை மாதிரி ஒரு டெஸ்ட் இருக்கு, அதைப் பண்ணினா தெரிஞ்சுடும், பண்ணணும்ல.

அப்புறம் மாடலுக்கு ஒரு கெட்ட பழக்கம், குறுக்கு வழி கிடைச்சா அதுலயே போயிடும். கொரோனா வந்தப்ப நெஞ்சு எக்ஸ்ரேவைப் பார்த்துச் சொல்லிடும்னு ஏகப்பட்ட ஏஐ வந்துச்சு. 2021ல ஒரு குழு அதுல 62 கட்டுரைகளை ஆழமா அலசிப் பார்த்துட்டு, ஒண்ணு கூட ஆஸ்பத்திரியில பயன்படுத்தற தகுதியில இல்லைன்னு எழுதுனாங்க. அதுல சிலது பண்ண வேலை என்னன்னா, கொரோனா உள்ளவங்கன்னு பெரியவங்க எக்ஸ்ரே, இல்லாதவங்கன்னு காட்ட 1ல இருந்து 5 வயசுக் குழந்தைங்க எக்ஸ்ரே. மாடல் கத்துக்கிட்டது கொரோனா இருக்கா இல்லையாங்கறதை இல்ல, இது குழந்தையா பெரியவரான்னு! எங்க பெஞ்ச்லயும் இதே ஆபத்து இருக்கு. 96 குழி இருக்கற பிளேட்ல ஓரத்துல இருக்கற 36 குழியில தண்ணி சீக்கிரம் ஆவியாகும், அதனால அங்க வர்ற நம்பர் கொஞ்சம் கோணும். எழுதறது சுலபம்னு மருந்து போடாத கன்ட்ரோலை எல்லாம் ஓரத்துலயும் மருந்து போட்டதை எல்லாம் நடுவுலயும் வச்சீங்கன்னா, மருந்து வேலை செய்யுதான்னு கேட்ட கேள்விக்கு மாடல் இது ஓரமா நடுவான்னு பதில் சொல்லும், 98 சதவீதம் சரின்னு மார்க்கும் வாங்கிடும். இதெல்லாம் பெஞ்ச்ல நிக்கற பொண்ணுக்குத் தெரியும். ஆனா மாடல் செய்யறவங்களுக்கு எக்செல் ஷீட்டு மட்டும்தானே போகுது, பிளேட்டு எப்படி வச்சாங்கன்னு அதுல இருக்காதே.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். தோத்துப்போன சோதனைங்க. 2020ல எம்ஐடி ஆளுங்க ஹாலிசின்ங்கற ஆன்டிபயாடிக்கை ஏஐ வச்சு கண்டுபிடிச்சாங்கன்னு உங்க கட்டுரையிலயும் இருந்துச்சு. முதல்ல சர்க்கரை நோய்க்குன்னு ஆராஞ்சு ஒதுக்கி வச்ச ஒரு மூலக்கூறு அது. அவங்க முதல்ல செஞ்சது என்ன, ஏறக்குறைய 2,300 கெமிக்கலை எடுத்து ஒவ்வொண்ணும் ஈ.கோலை பாக்டீரியாவைத் தடுக்குதா இல்லையான்னு லேப்ல போட்டுப் பார்த்தாங்க. பெரும்பாலானது தடுக்கல. ஆனா அந்த தடுக்கல தடுக்கல தடுக்கலங்கறதையும் சேர்த்து ஒழுங்கா எழுதி மாடலுக்குக் கொடுத்தாங்க, அதுக்கப்புறம்தான் அது 6,000 மூலக்கூறுக்குள்ள தேடி இதைக் காட்டுச்சு. வேலை செஞ்சதை மட்டும் கொடுத்திருந்தா அதுக்கு எதை வச்சு வித்தியாசம் தெரியும்? எல்லாமே இனிப்புன்னு சொல்லி வளர்த்த குழந்தைக்கு கசப்பு தெரியாதுல்ல.

நம்ம லேப்கள்ல தோத்துப்போனதை யார் எழுதறாங்க? ஜர்னல்ல போட மாட்டாங்க, கைடு மீட்டிங்ல கேக்க மாட்டார், கேட்டாலும் ஏன் வரலைன்னு திட்டத்தான் கேப்பார். எங்க லேப்ல ஒரு பிஎச்டி பையன் ஒரு புரோட்டீனைப் பிரிச்செடுக்க எட்டு மாசம் போராடினான், வரவே இல்ல, விட்டுட்டு வேற தலைப்பு எடுத்து முடிச்சுட்டுப் போயிட்டான். மூணு வருஷம் கழிச்சு புதுசா வந்த பொண்ணு அதே புரோட்டீன், அதே பஃபர் கரைசல், அதே தப்புன்னு அஞ்சு மாசம். அவன் நோட்டு அலமாரியிலதான் இருந்துச்சு, ஆனா அவன் கையெழுத்து அவனுக்கே புரியாது, அதுல போய் யார் தேடறது. அவ அழுதுட்டு உட்கார்ந்திருந்தப்பதான் எனக்கு ஞாபகம் வந்து சொன்னேன். அந்த லேப்போட டேட்டாபேஸ் அப்ப நான்தான் சார். நான் லீவுல இருந்திருந்தா இன்னும் மூணு மாசம் போயிருக்கும்.

இதுக்காகத்தான் எலக்ட்ரானிக் நோட்புக், லேப் சாம்பிளையும் டேட்டாவையும் பதிஞ்சு வைக்கற லிம்ஸ்னு சாஃப்ட்வேர் எல்லாம் வந்திருக்கு, வாங்கவும் வாங்குனாங்க. வாங்குனவங்க ஆபீஸ்ல உட்கார்ந்து முடிவு பண்ணாங்க, பெஞ்ச்ல இருக்கற ஒருத்தரைக் கூட கூப்பிடல. திறந்தா ஒரு சாம்பிளைப் பதிய 40 கட்டம், பாதி கட்டம் கட்டாயம், நிரப்பாம அடுத்த பக்கம் போக விடாது. என்ன ஆச்சுன்னு நினைக்கறீங்க? எல்லாரும் கட்டத்துல ஒரு புள்ளி வச்சுட்டுப் போக ஆரம்பிச்சாங்க. வெறும் புள்ளி. வெப்பநிலை புள்ளி, லாட் நம்பர் புள்ளி, செஞ்சவர் பெயர் புள்ளி. வாரம் முழுக்க பேப்பர்ல எழுதறது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து ஞாபகத்துல இருந்து எல்லாத்தையும் ஒரே மூச்சுல ஏத்தறது. மேல இருந்து பார்த்தா நூறு சதவீதம் டிஜிட்டல் ஆயிடுச்சு, ரிப்போர்ட்ல பச்சைக் கலர். அந்தப் பச்சையைப் பார்த்துட்டு அடுத்ததா ஏஐ வாங்கலாம்னு பேச்சு வேற ஆரம்பிச்சுடுச்சு.

எங்களுக்கு உருப்படியா வேலை செஞ்சது சின்னச் சின்ன விஷயம்தான். டியூபுல பார்கோடு, அதுவும் லிக்விட் நைட்ரஜன்ல போட்டாலும் உரியாத லேபிள், முதல்ல வாங்குன லேபிள் எல்லாம் டேங்க் அடியில உதிர்ந்து கிடந்து எது எவருதுன்னு தெரியாம போனப்புறம்தான் இந்த அறிவு வந்துச்சு. ஹூடுக்குப் பக்கத்துல ஒரு ஸ்கேனர், கால்ல மிதிச்சா படிக்கற மாதிரி. தராசை நேரா கம்ப்யூட்டர்ல சேர்த்தது, எடை தானாவே போய் உட்கார்ந்துக்கும், கிளவுஸ் வேணாம். அந்த 40 கட்டத்தை 7 ஆக்குனோம், அந்த 7 எதுன்னு முடிவு பண்ண மூணு மாசம் சண்டை போட்டோம், அந்தச் சண்டைதான் நாங்க செஞ்ச நிஜமான ஏஐ வேலைன்னு நான் சொல்லுவேன். டேட்டாவைப் பார்த்துக்கறதுக்குன்னே ஒருத்தரைப் போட்டாங்க, அவர் எங்க கூடயே பெஞ்ச்ல வந்து நிப்பார், ஏன் இந்தக் கட்டத்தை விட்டீங்கன்னு திட்டாம கேப்பார். அவர் வந்தப்புறம் புள்ளி குறைஞ்சுது.

ஃப்ரீசரைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா ஏஐன்னதும் யாருக்கும் ஃப்ரீசர் ஞாபகம் வராது. மைனஸ் 80ல இருக்கற அந்தப் பெட்டிக்குள்ளதான் லேப்போட உயிரே இருக்கு. 2012ல ஹார்வர்டோட சேர்ந்த ஒரு மூளை வங்கியில ஃப்ரீசர் ஒண்ணு கெட்டுப்போய் ஏறக்குறைய 150 மூளை வீணாச்சு, அதுல நிறைய ஆட்டிசம் ஆராய்ச்சிக்குன்னு குடும்பத்தார் கொடுத்தது. வெளிய டிஸ்ப்ளேல மைனஸ் 79ன்னு காட்டிக்கிட்டே இருந்திருக்கு, உள்ள எல்லாம் உருகிக் கிடந்திருக்கு. 2020ல அமெரிக்காவுல இன்னொரு பல்கலைக்கழகத்துல இதுக்கு நேர் எதிர். அங்க அலாரம் சரியாத்தான் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, ரிப்பேருக்கு ஆள் வர நாளாகும்னு எழுதியும் ஒட்டி வச்சிருந்தாங்க, சுத்தம் பண்ண வந்தவர் அந்தச் சத்தத்தை நிறுத்தறதா நினைச்சு பிரேக்கரை மாத்திப் போட்டுட்டார், பல வருஷ ஆராய்ச்சி போச்சுன்னு கேஸ் கோர்ட் வரைக்கும் போச்சு. இந்த இடத்துல டேட்டா நிஜமாவே கை கொடுக்கும் சார். ஒரு ஃப்ரீசர் சாகறதுக்கு முன்னாடி கம்ப்ரஸர் அடிக்கடி ஓட ஆரம்பிக்கும், கதவை மூடுனப்புறம் பழைய குளிருக்குத் திரும்ப முன்னைவிட நேரம் எடுக்கும், இதெல்லாம் தனியா ஒரு சென்சார் உள்ள வச்சுப் பதிவு பண்ணிக்கிட்டே வந்தா கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சுடும். மருந்து கண்டுபிடிக்கற ஏஐயைவிட இது ஒண்ணும் பெரிய விஞ்ஞானம் இல்ல, ஆனா இதுக்கு யாரும் விழா எடுக்க மாட்டாங்க.

ரோபோ வந்தா உங்க வேலை போயிடாதான்னு வீட்டுல கேக்கறாங்க. 2009லயே ராஸ் கிங்னு ஒருத்தரோட குழு ஆடம்னு பேர் வச்ச ஒரு ரோபோ விஞ்ஞானியைச் செஞ்சாங்க, ஈஸ்ட்டோட ஜீன் பத்தி அதுவே யோசிச்சு, அதுவே சோதனை பண்ணி, ஒரு நாளைக்கு ஆயிரம் சோதனைக்கு மேல போடும். தாராளமா வரட்டும். 19 வருஷம் பிப்பெட் அமுக்கி என் கட்டை விரல் மூட்டு காலையில மடங்க மாட்டேங்குது, அந்த வேலையை ரோபோ எடுத்துக்கிட்டா எனக்கு சந்தோஷம்தான். எந்தக் குழியில எத்தனை மணிக்கு எவ்ளோ ஊத்துச்சுன்னு அது தானாவே எழுதியும் வைக்கும், கிளவுஸ்ல கிறுக்காது. ஆனா மீடியா சிவப்புல இருந்து மஞ்சளா மாற ஆரம்பிச்சா செல்லுக்கு ஏதோ ஆகுதுன்னு, இன்குபேட்டரைத் திறந்ததும் வர்ற வாசனை வேற மாதிரி இருந்தா ஃபங்கஸ் வந்துடுச்சுன்னு கண்டுக்கற ஆள் ஒருத்தர் பக்கத்துல இருக்கணும், அவர் கண்டுக்கிட்டதை எழுத ஒரு இடமும் அந்த 7 கட்டத்துல இருக்கணும். நாங்க கடைசியா சேர்த்த கட்டம் அதுதான், "வேற ஏதாவது வித்தியாசமா பட்டுச்சா?" அதுலதான் யாருமே புள்ளி வைக்கறது இல்ல.

இன்னொரு கோரிக்கை, மாடல் செய்யறவங்களுக்கு. மருந்துத் துறையில 1997லயே அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒரு விதி போட்டாங்க, எலக்ட்ரானிக் பதிவுல யாராவது எதையாவது மாத்தினா யார் மாத்துனது, எப்ப மாத்துனதுன்னு தானா பதிவாகணும், பழசையும் அழிக்கக்கூடாதுன்னு. நான் ஒரு நம்பரை அடிச்சுத் திருத்துனா கையெழுத்து போட்டு தேதி போடணும், காரணமும் எழுதணும். ஆனா ஏஐ வந்து விட்டுப்போன மதிப்பை உத்தேசமா நிரப்புனா மட்டும் அது எந்த அடையாளமும் இல்லாம நிஜ அளவோட கலந்துடுது. அதுவும் கையெழுத்து போடட்டும். இல்லைன்னா அன்னிக்குத் தொட்டி முன்னாடி நின்னு 4.5ன்னு எழுதுன என்னைத்தான் பெரிய அளவுல செஞ்சு வைக்கறீங்க.

உங்க நிருபர் அடுத்து ஏதாவது லேப்புக்குப் போனா, ஏஐ எங்க இருக்குன்னு கேக்கறதோட போன மாசம் தோத்துப்போன சோதனை ஒண்ணோட பதிவைக் காட்டுங்கன்னும் கேட்கச் சொல்லுங்க. எவ்ளோ நேரத்துல எடுத்துக் காட்டுறாங்கன்னு கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பரைப் பல வருஷமா படிக்கற ஒரு லேப் மேனேஜர்

பின்குறிப்பு: கட்டுரையோட போட்டிருந்த போட்டோவுல ரோபோ கை பிடிச்சிருந்த பிளேட்ல குழிக்குக் குழி அழகா நீலக் கலர் தண்ணி இருந்துச்சு. நிஜத்துல நாங்க ஊத்துறது பெரும்பாலும் வெறும் தண்ணி மாதிரி நிறமே இல்லாம தான் இருக்கும், நடுவுல ஒரு ஃபோன் வந்தா எந்தக் குழி வரைக்கும் ஊத்துனோம்னு எங்களுக்கே தெரியாது, பிளேட்டை வெளிச்சத்துல சாய்ச்சு சாய்ச்சுப் பார்ப்போம்.